ஹாரன் சத்தத்தில் கொட்டச்சேடு

எண்பத்தஞ்சாம் வருஷ வாக்கில், ஒரு பங்குனி மாசம். காலை ஆறரைக்கு சேலம் பஸ் ஸ்டாண்டில் கொட்டச்சேட்டில் இருக்கும் மகள் ஊட்டுக்குப் போக, மகன் என்னை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். எனக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. "தனியாத் தங்கச்சி ஊடு போய்ச் சேர்ந்துட்டீன்னா சரி. பாதியில திரும்பி வந்தீன்னா, இனிமே நான் இல்லாம வாசல் தாண்டக் கூடாது" என்றான். சரி என்றேன். வாக்கு மாறுகிற பழக்கம் எனக்கில்லை.

போர்டு படிக்க முடியாதே என்பீர்கள். கண் நன்றாக இருந்த காலத்திலும் நான் போர்டு படித்ததில்லை. இதைக்கூட நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். வாயால் கேட்டே பழநி வரைக்கும் போய் வந்தவள் நான்.

மலை ஏற ஏற, வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டு அம்மா என்மேல் சாய்ந்தாள். "கீழ பார்த்தீங்களா, சேலம் பூராத் தெரியுது!"

"எங்க ஊட்டுக் கொடியில துணி காயுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

எட்டு மணிக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கினேன்; அங்கே பஸ் மாற வேண்டும். கொட்டச்சேடு பஸ் எதுவென்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அதா நிக்குதுங்க" என்றார்.

இந்த 'அதா' தான் எனக்கு மலையைவிடப் பெரிய தொந்தரவு. கையை நீட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கை எந்தப் பக்கம் நீண்டதென்று யார் சொல்வது? இன்ஜின் உறுமிய பக்கமாகப் போய் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது.

"ஏனுங்க, கொட்டச்சேடு போக எத்தனை நேரமாகும்?"

"ஐயோ, இது சேலம் போறதுங்க!" என்றது பின் சீட்டு.

கீழே போய்விட்டால் மகன் சொன்னதுதான் நடக்கும். "நிறுத்து சாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். கண்டக்டர் வந்தான். "கொட்டச்சேடு பஸ் அதா நிக்குது, தெரியலைங்களா?"

"உங்க ஊரு 'அதா'வை நம்பித்தான் இதுல ஏறினேன் சாமி."

பஸ்ஸே சிரித்தது. அவன் கையைப் பிடிக்க வந்தான். "வேண்டாங் கண்ணு. அந்த டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்லு. நானே போய்க்கறேன்."

"கொட்டச்சேடு அண்ணே! ஒரு ஹாரன் குடுங்க!"

அடித்தார், விடாமல் அடித்தார். நடுவில் ஒரு லாரிக்காரனும் வேடிக்கைக்கு அடிக்க, "நீ எந்தக் கொட்டச்சேடுடா? சும்மா இரு!" என்று கண்டக்டர் கத்தினான். இறங்கிக் கோலைத் தட்டிக்கொண்டு, சத்தத்தைப் பார்த்து நடந்து, கம்பியைப் பிடித்து ஏறினேன்.

கொட்டச்சேட்டில் இறங்கியதும் காபிப் பூ வாசனை நொம்பத் தூக்கலாக அடித்தது. மகள் ஊடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே. ஓடிவந்தாள். "யாரும்மா கூட்டிட்டு வந்தது?"

"ஹாரன்."

அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே உட்காரவைத்தாள். "முதல்ல தண்ணி குடி. சொம்பு அதா இருக்குது பாரு."

"தட்டுடி" என்றேன்.

கரண்டியால் சொம்பைத் தட்டினாள். நானே எழுந்துபோய் எடுத்துக் குடித்தேன்.