பேர் சொல்லாத குரல்

வடக்கு மாட வீதி பாங்கில் இருபது வருஷம் பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஜானகி, தொண்ணூற்றெட்டில் அந்த வேலையை உதறிவிட்டு, தி.நகரில் புதிதாக முளைத்த டெலிபோன் பாங்கில் சேர்ந்தபோது மயிலாப்பூரே மூக்கில் விரலை வைத்தது. கிளை கிடையாது, கவுண்டர் கிடையாது. ரகசிய எண்ணை அழுத்திவிட்டுப் பேசினால் போதும், பணம் வீடு தேடி வரும்.

"மொகம் பாக்காத பாங்க் எத்தனை நாளைக்கும்மா நிக்கும்?" என்று சிரித்தார் பழைய மேனேஜர் வெங்கடரமணன். ஜானகி ரோஷக்காரி. தெரிந்தவர்களையெல்லாம் புது பாங்குக்கு இழுத்து வந்தாள். கச்சேரி ரோடு சுப்பராமன் மாமாவும் அப்படி வந்தவர்தான்.

மாமா தை மாதம் போய்விட்டார். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு ஜானகியே போய்விட்டு வந்தாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் மாமா போன் செய்தார்.

கம்ப்யூட்டர் திரையில் வந்த பேரைப் பழக்க தோஷத்தில், "வணக்கம், மிஸ்டர் சுப்பராமன்" என்று படித்த பிறகுதான் ஜானகிக்கு உறைத்தது. அதே கரகரப்பு, பேச்சுக்கு நடுவே அதே இருமல். "ஐயாயிரம் அனுப்பும்மா." அவள் திரையைத் திரும்பவும் பார்த்தாள். ரகசிய எண் சரி. பிறந்த தேதி சரி. வேறு எதுவும் தோன்றாமல், "உங்க பேரைச் சொல்லுங்கோ மாமா" என்றாள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அதான் ஒனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டது அந்தக் குரல்.

தன் பேரைச் சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு நாக்கு தடுக்கும்? புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்டாட்டிக்குத்தான் தடுக்கும். ஜானகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே கச்சேரி ரோட்டுக்குப் போனாள். மாமாவின் மனைவி கோமளம் மாமி எதையும் மறைக்கவில்லை; மாமா மாதிரியே கரகரத்து இருமிப் பேசியது தான்தான் என்றாள்.

"ஏன் மாமி? டெத் சர்டிபிகேட் குடுத்தா அத்தனையும் உங்களுக்குத்தானே வரும்?"

"பணத்துக்கா பண்ணினேன்? உங்க பாங்க் ஒண்ணுதாண்டி இன்னும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடறது. அதைக் கேட்டுண்டே இருக்கணும் போல இருந்தது."

ஜானகி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் அவள் வேலை போகும், மாமி போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருக்கும், வெங்கடரமணன் ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார். திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு ஆபீசுக்கு வந்து கணக்கை முடித்துவிடச் சொன்னாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சொன்னபடி வந்தாள். சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜானகி அதை வாங்கக் கையை நீட்டியபோது போன் அடித்தது.

"யாரு, ஜானகியா?" கரகரப்பு. இருமல். ரகசிய எண் சரியென்றது திரை.

ஜானகி எதிரே பார்த்தாள். மாமி வாயை மூடிக்கொண்டு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உங்க... உங்க பேரைச் சொல்லுங்கோ."

"சுப்பராமன்." ஒரு தடங்கலும் இல்லை. "கணக்கை மூடிடாதேம்மா."

"யாருடி போன்ல? ஏன் இப்படி வேர்க்கறது ஒனக்கு?" என்றாள் மாமி.

இருபது வருஷம் முகம் பார்த்தே பணம் கொடுத்தவள், ரிசீவரை மாமியிடம் நீட்டினாள்.