உப்பு அடைத்த குழல்

அடையாறில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் ஒரு ஹெச்.பி.எல்.சி. கருவி இருக்கிறது. மாத்திரைக் கரைசலைத் திரவ ஓட்டத்தில் கலந்து, ஒரு சாண் நீள எஃகுக் குழல் வழியாகத் தள்ளும். உள்ளே கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. உப்புக் கரைசல் ஓடிய குழலில் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அப்புறம்தான் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான். இல்லையென்றால் உப்பு அதில் கரையாமல் படிந்து குழலை அடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் இயக்குநருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முனைவர் பட்டக்காரர். அப்பா பேராசிரியர், தாத்தா தலைமையாசிரியர் என்று வாரம் ஒருமுறையாவது எங்களுக்கு நினைவூட்டுவார். விருந்தினர் வந்தால் மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டுவார். அன்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். என்னை நகரச் சொன்னார். தன் பாஸ்வேர்டைப் போட்டு உட்கார்ந்து, உப்புக் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேராக அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றினார். "சார், தண்ணி..." என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார். பிரஷர் எகிறி, கருவி அலறி நின்றது. மனிதர் அசரவில்லை, வந்தவர்களைக் காபிக்கு அழைத்துப் போய்விட்டார்.

மாலையில் தவறு அறிக்கைப் படிவம் என் மேசைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் என் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். இந்தத் தாள் கோப்பில் ஏறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சைதாப்பேட்டையில் மீன் விற்கும் என் அப்பா, வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

பக்கத்து மேசை ராயப்பேட்டை நண்பன் எட்டிப் பார்த்தான். "இன்னா மச்சி, அவரு பாஸ்வேர்டு போட்டுதானே குந்தினாரு? மிஷின் எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கினு கீது."

கருவியின் பதிவில் பிரஷர் ஏறிய நேரமும் இயக்குநரின் பெயரும் இருந்த பக்கத்தை அச்செடுத்து, அவர் அறைக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தார்.

"என்னை மாட்டிவிடப் பாக்கறியா?"

"இல்ல சார். நான் பண்ணலன்னு மட்டும் சொல்றேன்."

படிவத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்றில் தானே எழுதினார். காரணம்: மின்தடை. அன்று முழுக்க ஏ.சி. ஒரு நொடிகூட நிற்கவில்லை. மூன்று தலைமுறைப் படிப்பும் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இதைத்தான். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தைக் காட்டி, "போடுப்பா, உனக்கு ஒண்ணும் வராது" என்றார்.

போட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் குழலைத் திருப்பி மாட்டி, மெதுவாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்தேன். அவர் ஒருமுறை கதவருகில் நின்று பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். நிமிராமல் சொன்னேன். வேலை நிரந்தரமாயிற்று. அவரை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும், அந்தத் தாளில் அவர் பெயருக்குக் கீழே இருப்பது என் பெயர்தான்.