இரட்டைத் தள்ளுபடி

சலவைக் கடையில் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு ‘வானிலை’ என்று பெயர் வைத்தது அவருடைய படிப்பு. கடன் வாங்கி வானிலை இயல் படித்தவர். படிப்பு வீண் போய்விடவில்லை. துணி வாங்க வருகிறவர்களிடம் மழை வருமா, வராதா என்று இலவசமாகச் சொல்லி அனுப்புகிறார். பெரும்பாலும் தப்பாக.

இருபத்திரண்டு வருடங்களாகத் தவணை சம்பளத்திலேயே பிடித்தமாகிக்கொண்டிருந்தது. வங்கியிலிருந்து வரும் உறைகளைப் பிரிக்காமல் அலமாரி மேல் போடுவதுதான் அவரளவில் நிதி நிர்வாகம். இந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்லூரியில் பாறையியல் படிக்க இடம் கிடைத்துத் தொலைத்தது. பழைய கடன் முடியாமல் அதே வீட்டுக்குப் புதுக் கடன் கிடையாதாம். வெள்ளிக்கிழமைக்குள் ஏற்பாடு ஆகாவிட்டால் இடம் போய்விடும். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக உறையைக் கிழித்தார். முதல் வரி: “தங்கள் கல்விக் கடன் தள்ளுபடி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.”

“ரெண்டு தள்ளுபடி!” என்று மனைவியைப் பார்த்து அலறினார். “நான் ஒண்ணுதான்டி கேட்டேன்!”

அன்று மாலையே மனைவிக்குக் கைப்பை, தனக்கு ஷூ, கடனுக்கு ஜாமீன் போட்டிருந்த அப்பாவுக்கு ஒரு கோட்டு, எல்லாருக்கும் மூன்றடுக்குக் கேக். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கோட்டைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் இல்லாத ஸ்டியரிங்கை ஒரு வளை வளைத்தார்.

மகள் கேக் வாயோடு கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

“அப்பா, உங்க மனுவைத் தூக்கிக் கடாசிட்டோம்னு எழுதியிருக்காங்க.”

“சும்மா இரு. தள்ளுபடின்னா தள்ளுபடிதான்.”

“கீழ படிங்க. ‘இன்னும் நான்கு தவணைகளே பாக்கி இருப்பதால்’னு காரணமும் இருக்கு.”

“நாலா? நாப்பதுன்னுல்ல நெனச்சேன்!” குதூகலத்தில் மகளைத் தூக்கப் போனவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அந்த நாலு தவணையைத்தான் இப்ப தட்டுல வெச்சுத் தின்னுக்கிட்டிருக்கோம்” என்றாள் மனைவி.

மறுநாள் நொண்டிக்கொண்டே ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். “தள்ளுபடியில வாங்கினதைத் திருப்பி எடுக்கறதில்ல சார்” என்றார் கடைக்காரர்.

வியாழக்கிழமை காலையில் அப்பா, கோட்டைக் கழற்றாமலே, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். நோட்டுகள் சுருள் சுருளாக உருண்டன. நாலு தவணைக்குத் தாராளமாகப் போதும்.

“ஏதுப்பா இவ்வளவு?”

“நீ எங்கிட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கின மாசத்துலேர்ந்து போட்டு வெச்சது.”

வானிலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்காகவாப்பா?”

“எனக்காகடா! நீ கட்டமாட்டே, நம்மளைத்தான் வந்து பிடிப்பாங்கன்னு உன்மேல அவ்வளவு நம்பிக்கை.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வங்கியில் பழைய கடன் காலமானது. பத்தரைக்குப் புதுக் கடன் பிறந்தது. மேனேஜர் ஜாமீன் படிவத்தை மேசையில் நகர்த்தினார். வானிலை அப்பாவைப் பார்த்தார்.

“என்னை ஏன்டா பாக்கறே? இந்தத் தடவை உன் பேருதான் போட்டிருக்கு.”

வானிலை மகள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பாறையைப் பத்திப் படிச்சா வேலை கிடைக்குமா?”

“மேகத்தைப் பத்திப் படிச்சவருக்கே கிடைச்சிருக்கேப்பா” என்றாள் மகள்.

மேனேஜர் அவசரமாக இருமினார். வானிலை வியர்த்த விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேனாவைப் பிடித்தார்.

“அழுத்திப் போடுடா” என்றார் அப்பா, சிரிப்பை அடக்க முடியாமல். “நாலு கார்பன் காப்பியிலயும் விழணும்.”