காப்புக் கட்டிய கோல்கீப்பர்

என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரத்துக்குக் கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை. பந்து பட்டுப் பட்டு மோதிர விரல் கோணிப்போயிருந்தது. எல்லாரும் சிரிக்க, நான் சுண்டுவிரலில் மாட்டிவிட்டேன். நான் புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துப் பெண். மலாக்காவில் காஜா பேராங் பக்கம் தலைமுறை தலைமுறையாய் இருக்கும் செட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் வீட்டில் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். என்னிடம் திட்டு வாங்கி வாங்கித்தான் அவருக்கு இந்த அளவாவது தமிழ் வந்தது.

நகரசபையில் தண்ணீர்க்குழாய் பழுதுபார்க்கும் வேலை. மாலையானால் மலாக்கா குழுவுக்குக் கோல்கீப்பர். முழங்கால் போய் விளையாட்டை விடும்வரை அந்த இடத்தில் வேறு ஆள் நின்றதில்லை. கையுறையெல்லாம் கிடையாது. மழை நாளில் தோல்பந்து தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனக்கும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் புரளுவார். துவைப்பது யார்? நான்தான்.

ஐம்பத்தாறில் எனக்கு அம்மை போட்டது. பிழைப்பேனா என்று இருந்தது. பிழைத்தால் அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். சொன்னபடியே மறுவருஷம் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டினவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மறுநாளே குழுச் செயலாளர் அப்பாசாமி சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“தம்பி! கோலாலம்பூர்லேருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. சுதந்திரத்துக்கு நடத்தற மெர்டேக்கா போட்டிக்கு நாட்டுக் குழுவுல ஆள் எடுக்கறாங்க. ஞாயித்துக்கிழம போய் விளையாடிக் காட்டணும். நாட்டுக்கே கோல்கீப்பர் ஆயிடலாம்!”

இவர் மஞ்சள் கயிறு கட்டிய கையைக் காட்டினார். “தேதிய மாத்த முடியாதா, அண்ணே?”

“அவங்க என்ன நம்ம வீட்டு ஆளுங்களா?”

கோயில் பெரியவர் ஏகாம்பரமே இறங்கிவந்தார். காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டுப் போய் வா, பிறகு பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று மலாயில் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, கயிற்றைத் தொடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கென்ன பைத்தியமா? பெரியவரே சொல்லிட்டாரு! இதுக்குத்தானே இத்தன வருஷம் சேத்துல புரண்டீங்க? அம்மனுக்குக் கோவம் வந்தா என்மேல வரட்டும், போங்க!”

“தாப்பா லா, கோகிலா.” பரவாயில்லை என்பதற்கு அவர் எப்போதும் சொல்வது அது. “நீ படுத்துக் கிடந்தப்ப அம்மாகிட்ட பெரிசா ஒண்ணு கேட்டேன். கொடுத்துட்டா. இப்ப இந்தச் சின்னதுக்காக வாக்கு மாத்தினா எனக்கு வெட்கம்.”

“சின்னதா? இதுவா சின்னது?” என்று கத்தினேன். நாட்டுக் குழுச் சட்டையைவிட நான் பெரிசு என்று கட்டின புருஷன் சொல்லும்போது என்னவென்று சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை தேர் இழுத்தார், சாப்பிட்டார், படுத்துத் தூங்கினார். வேறு ஊர்க்காரர் ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

போட்டி நடந்தபோது எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. ஒரு நாள் எதிராளி தூரத்திலிருந்தே உதைத்த பந்து நம் கோலுக்குள் போய்விட்டது. தோற்றோம்.

“கண்ணு அவிஞ்சுபோச்சா அந்தக் கோல்கீப்பருக்கு?” என்று பக்கத்து வீட்டு நல்லையா குதித்தார். “நம்மாளு இருந்திருந்தா...”

என் வீட்டுக்காரர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு உயர்ந்தது. “சும்மா திட்டாதீங்க! அவன் மேல தப்பில்ல. அந்தப் பந்த யாராலயும் பிடிக்க முடியாது.”

எல்லாரும் எழுந்து போனார்கள். இவர் மட்டும் ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்கிட்ட நிஜத்தச் சொல்லுங்க. நீங்க நின்னிருந்தா?”

கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

“பிடிச்சிருப்பேன்” என்றார்.