ஒரு கதவுக்கு ஓர் எழுத்து

றேமண்ட் வென்றவை இவை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பதினான்காம் இலக்க வீட்டு நாயை, ஒரு கடியும் வாங்காமல். இலங்கைத் தீவில் தேத்தண்ணி குடிக்காமல் ஊழியம் செய்த இருபத்திரண்டு மாதங்களை. அதிகம் கதவு திறக்கச் செய்தவர் என்று சபை கொடுத்த ஒரு சவர்க்காரக் கட்டியையும் இரண்டு கைக்குட்டைகளையும். கைக்குட்டைகளில் ஒன்று இன்னும் கிழியாமல் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் "ஒரு மாசத்திலே திரும்பி வருவான்" என்று சொன்ன பதினொரு பேரை. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் பெற்ற தகப்பன்.

அவன் பிறந்தது 1916இல். தகப்பன் லோறன்ஸுக்குத் துறைமுகத்தில் சரக்குப் படகு வேலை. மூத்தவள் மாக்ரெட் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள்; றேமண்ட் ஐந்து நாள் படித்தான். ஆறாம் நாள் மூன்று புகைபோக்கி வைத்த கப்பல் ஒன்று வந்து நின்றது. ஏழாம் நாளும் அது போகவில்லை. அது போய் முடிந்தபோது வாத்தியார் வரவு இடாப்பில் அவன் பெயரை வெட்டியிருந்தார். மாக்ரெட் வீட்டிலே சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். அவள் ஒரு பக்கத்தை ஒருமுறை வாசித்தால் போதும், அவன் அப்படியே திருப்பிச் சொல்வான், அவள் தடக்கின இடங்களில் தானும் தடக்கி. "நீ இருக்கிறாய்தானே அக்கா, எனக்கு எழுத்து எதுக்கு" என்பான். பதின்மூன்று வயதில் அவனும் படகுக்குப் போய்விட்டான்.

1936ஆம் ஆண்டு மாரியில், கொட்டாஞ்சேனைச் சந்தியில் இரண்டு இளைஞர்கள் கொட்டும் மழையில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடெடுத்திருந்த ஒரு சிறு சபையின் ஆட்கள் அவர்கள். ஒருவரும் நின்று கேட்கவில்லை. எதிர்க் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இருவரும் கடைசி வரி மட்டும் சொல்லி முடித்து, கேட்காத சனத்துக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். மழைக்கு ஒதுங்கி நின்ற றேமண்டை அந்த நன்றி பிடித்துக்கொண்டது.

"ஆருமே கேளாத கதையைக் கடைசி மட்டும் சொல்லுறவன் பொய் சொல்லமாட்டான் அக்கா," என்றான். அடுத்த இரண்டு மாதமும் மாக்ரெட்டைக் கொண்டு சபையின் புத்தகங்களை வாசிப்பித்தான்.

"காலைப் பூசைக்கு எழும்பாதவன் பிரசங்கம் பண்ணப் போறானாம்," என்றார் லோறன்ஸ்.

சபையின் மேற்பார்வை ஐயா வேதாகமத்தைக் கொண்டு தமிழ் படித்தவர். மீன் விலை கேட்டாலும் அது சங்கீதம் மாதிரி இருக்கும். 1937 பெப்ரவரியில் அவர் றேமண்டின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, "மலைப் பிரசங்கத்தை வாசியும்" என்றார். றேமண்ட் புத்தகத்தை மெதுவாக மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூன்று அதிகாரத்தையும் சொல்லி முடித்தான். ஐயாவின் கண் கலங்கிவிட்டது. திறந்து வாசிக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சபைச் சட்டங்கள் கடுமையானவை. விடிய ஐந்தரைக்கு எழும்பிக் கடற்கரையில் செபம். வெள்ளை உடுப்பு. தேத்தண்ணி, கோப்பி, சாராயம், சுருட்டு ஒன்றும் கூடாது. எங்கே போனாலும் இருவராகப் போக வேண்டும், ஒருநாளைக்கு இருபது கதவு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் துண்டுப்பிரசுரத்தை வாசிக்க, மற்றவர் விளக்க வேண்டும். பின்னேரம் வந்து நாளேட்டில் கணக்கெழுதி இருவரும் தம் கையால் ஒப்பமிட வேண்டும்.

முதல் கூட்டாளி சுமை தூக்கப் பஞ்சிப்பட்டவன். இரண்டு பையையும் இரண்டு குடையையும் றேமண்ட் சுமந்தான். வாசிப்பதையும் இரண்டு பெயரையும் எழுதுவதையும் கூட்டாளி பார்த்துக்கொண்டான். ஆறு மாதம் சுகமாகப் போனது. செப்டெம்பர் முதலாம் திகதி ஜோடி மாறியது. வந்தவன் ஹெக்டர். கல்கிசையில் ஒரு கிளாக்கரின் மகன், பென்சிலுக்குக்கூட உறை வைத்திருப்பவன்.

"ஒருநாள் நான் வாசிக்கிறது, ஒருநாள் நீர் வாசிக்கிறது. ஒப்பம் அவரவர்," என்றான் ஹெக்டர் முதல் காலையே.

அன்றே றேமண்டின் வலது கைப் பெருவிரலில் நகச்சுற்று வந்தது. வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டான். ஹெக்டர் நாளேட்டில் 'அவருக்காக' என்று எழுதி ஒப்பமிட்டான். வாசிப்புக்கு நகச்சுற்று உதவாது. ஆகவே கதவு திறந்தவுடன் றேமண்ட் பிரசுரத்தை வீட்டுக்காரரின் கையிலே வைத்தான். "நாங்க வாசிச்சால் எங்கட சத்தம்தான் கேக்கும். நீங்களே உங்கட வாயால வாசியுங்கோ."

சனத்துக்கு அது பிடித்துப்போனது. பிரசங்கம் கேட்கப் பொறுமை இல்லாதவர்களும் தங்கள் குரலைக் கேட்க ஆசைப்பட்டார்கள். வழக்குப் பேசும் ஒரு புரக்டரின் மனைவி பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்து, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு மூன்றாம் தரம் வாசித்தாள். 'மறுபடி வரச் சொன்ன வீடுகள்' என்ற நிரலில் ஹெக்டர் அதுவரை எழுதாத இலக்கங்களை எழுதினான். மேற்பார்வை ஐயா ஏட்டைப் பார்த்துவிட்டு, "ஒக்டோபர் இரண்டாம் திகதி சனிக்கிழமைக் கூட்டத்தில் சகோதரர் றேமண்ட் தமது முறைமையை எல்லாருக்கும் விளம்பக்கடவர்" என்று அறிவித்தார்.

அந்த நாட்களில் கடற்கரையில் றேமண்ட் செய்த செபம் சுருக்கமானது: "ஆண்டவரே, நான் பொய் சொல்லேல்லை. கட்டுத்துணிதான் சொல்லுது." ஆனால் சொல்லிவிட்டு எழும்பும்போது முழங்காலில் ஒட்டிய மணல் முன்போல் தட்டியவுடன் விழவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அகப்பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் பதினொரு பேர் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அதைவிட, மழையில் நன்றி சொன்னவர்களைப் பார்த்து வந்த இடத்தில் தான் மட்டும் கள்ளனாக நிற்பதுதான் அவனுக்குப் பாரமாக இருந்தது.

செப்டெம்பர் முப்பது, வியாழக்கிழமை, நளீபா உம்மாவின் வீடு. துணிக்கடைக்காரர் ஒருவரின் விதவை. வாசலில் பச்சைத் திரைச்சீலை. உம்மா அதற்குப் பின்னால் கதிரையில் இருந்தார். ஹெக்டர் படிக்குக் கீழே நின்றான்.

"எங்கட மார்க்கம் எங்களுக்கு ஈக்கி மகன்," என்றார் உம்மா. "ஆனா வெயில்ல வந்தீக்கிறீங்க. செல்லுங்க, கேக்குறன்."

றேமண்ட் பிரசுரத்தைத் திரைக்குக் கீழால் நீட்டினான். "நீங்களே வாசியுங்கோ உம்மா."

தாள் உள்ளே போய், உடனே வெளியே வந்தது. "கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டன். நீங்க வாசிங்க."

தாள் திரும்ப உள்ளே போனது. "உங்கட குரல்ல கேட்டால்தான் உம்மா மனசில நிக்கும்."

வெளியே வந்தது. "என்ட குரல அறுவது வருஷமா கேக்குறன் மகன். புதுசா ஒண்டுமில்ல."

உள்ளே போனது. "எனக்கு இண்டைக்குத் தொண்டை சரியில்லை."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே கதைச்சீங்க."

தாள் திரைச்சீலையின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. பிறகு உள்ளே மெல்லிய சிரிப்பொன்று கிளம்பியது.

"மகன், உங்களுக்கும் என்னப் போலத்தானா?"

படியின் கீழே ஹெக்டர் குடையை மடக்கினான்.

காலி வீதி வரும் மட்டும் ஹெக்டர் முன்னே நடந்தான். பிறகு, "விரலைக் காட்டும்," என்றான். றேமண்ட் கட்டை அவிழ்த்தான். விரல் கழுவின மீன்போல இருந்தது.

"போன கிழமை அது மற்றக் கையில இருந்தது. நான் என்ர கண்ணிலதான் பிழை எண்டு நினைச்சன்." ஹெக்டரின் குரலில் அதுதான் பெரிய மனத்தாங்கல். "எழுதினால் கோள், எழுதாட்டில் பொய். சனிக்கிழமை எழும்பிக் கதைக்கப் போறது நீர்தானே. உம்மட வாயாலேயே சொல்லும்."

சனிக்கிழமை பதினான்கு பேர் பென்சிலோடு காத்திருக்க, றேமண்ட் எழும்பினான்.

"ஐயா, இது முறையே இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. அதாலதான் சனத்தைக் கொண்டு வாசிப்பிச்சனான்."

ஒருவன் அதையும் எழுதிக்கொண்டான்.

"உமது விரல்?" என்றார் ஐயா.

"அதுக்கு ஒண்டுமில்லை ஐயா."

"முதலாம் நாளிலே நீர் புத்தகத்தை மூடினீரே?"

"திறந்து வைச்சிருந்தாலும் எனக்கு ஒண்டுதான் ஐயா."

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஐயா சிரிக்கவில்லை. நாளேட்டை எடுத்துக் கடைசி ஒப்பம் வரை புரட்டினார். "முறைமை நல்லது, எல்லாரும் கைக்கொள்ளுங்கள்," என்றார் கடைசியில். "ஆனாலும் இவர் பொய் செய்தார். இம்மாதத்துக் கணக்கு முப்பதாம் திகதி முடிகிறது. அன்றைக்கு உமது கையினாலே, மையினாலே, உமது நாமத்தை எழுதும். இல்லையேல் உமது வீட்டுக்குப் போம்."

நாலு கிழமை. முதல் இரண்டு நாள் ஹெக்டர் படிப்பித்தான். அவன் அடிமட்டத்தால் கோடு போட்டு முடிப்பதற்குள் வெளியே போகும் நேரம் வந்துவிடும். மூன்றாம் நாள், பிரசுரத்தைக் கண்டால் கதவைச் சாத்தும் ஒரு பென்சன்காரரின் வாசலில் றேமண்ட் வேறொன்று கேட்டான்.

"ஐயா, தாள் வேண்டாம். எனக்கு ஓர் எழுத்து மட்டும் காட்டித் தாங்கோ."

"எந்த எழுத்து?"

"ஐயாவுக்குப் பிடிச்சது."

கதவு முழுதாகத் திறந்தது. பென்சன்காரர் இருவரையும் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்து 'ண' எழுதுவித்தார். மதிலுக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், சுழியை அங்கேயிருந்தா தொடங்குகிறது என்று கேட்டுவிட்டார். அந்த இரண்டு வீடும் அதோடு இரண்டு கிழமை பேசவில்லை. றேமண்ட் இரண்டு விதமாகவும் எழுதப் பழகினான்.

அதற்குப் பிறகு ஒரு கதவுக்கு ஓர் எழுத்து. புரக்டரின் மனைவி 'ம' கொடுத்தாள். பதினான்காம் இலக்கத்தில், நாயைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் மண்ணில் 'ட' கீறிக் காட்டினார்கள். எழுத்துக் கொடுத்த எல்லா வீட்டாரும் தேத்தண்ணியும் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடியது. அதனால் மல்லித்தண்ணி கேட்டான். ஒழுங்கையில் பிள்ளைகள் இருவருக்கும் மல்லித்தண்ணிச் சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹெக்டருக்கு அது அவமானம். ஆனாலும் நாளேட்டில் எழுதினான்.

நளீபா உம்மாவும் சும்மா இருக்கவில்லை. மகள் றமீலா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். வியாழன் தோறும் திரைச்சீலைக்குக் கீழால் சிலேட் போய் வந்தது.

"எத்தன எழுத்து மகன்?"

"பதினெட்டு."

"எனக்கு இருவத்திரெண்டு. என்ன, படகுக்குப் போறீங்களா திரும்ப?"

சிலேட்டில் எல்லாம் சரியாக வந்தது. பேனைதான் பகையாக இருந்தது. வடக்கயிறு பிடித்துப் பழகிய கைக்கு நிப்பு தும்பாகத் தெரிந்தது. ஒக்டோபர் இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையில் மூன்று நிப்பு முறிந்தது, மூன்றும் ஹெக்டருடையவை. ஹெக்டர் ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, திகதி எழுதி வைத்தான். கடைசி நாள் காலையில் கடற்கரையில் றேமண்ட் ஒரு விண்ணப்பமும் வைக்கவில்லை. ஈர மணலில் பெயரை எழுதினான், அலை அழித்தது, திரும்ப எழுதினான். "இதுதான் ஆண்டவரே இண்டைக்குச் செபம்," என்றான். அன்று மணல் தட்டியவுடன் உதிர்ந்தது.

மேசையைச் சுற்றிப் பதினான்கு பேரும் நின்றார்கள். ஹெக்டர் பென்சிலை நீட்டினான்.

"மையினாலே," என்றார் ஐயா.

ஹெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து புதுப் பேனையை, மூடி கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான். "மெல்லமாய் பிடியடா," என்றான். சகோதரர் என்று சொல்ல அன்று அவனுக்கு மறந்துபோனது.

றேமண்ட் எழுதத் தொடங்கும்போது வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஒரு கோச்சி வந்து நின்றது. அது ஆட்களை இறக்கி, ஏற்றி, ஊதி, கல்கிசைப் பக்கம் போய் ஓசை அடங்கும் வரை அவன் எழுதினான். நிப்பு முறியவில்லை. தாள்தான் கிழிந்தது. ஐயா ஏட்டைப் புரட்டினார். மை அடுத்த இரண்டு பக்கத்திலும் ஊறி அதே இடத்தில் நின்றது.

"நாளைக்கும் நாளையிண்டைக்கும் சேர்த்துப் போட்டிட்டீர்," என்றான் ஹெக்டர்.

ஐயா தம் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திச் சத்தமாக வாசித்தார். பிறகு ஏட்டை றேமண்டின் பக்கம் திருப்பி, இனி நீர் வாசியும் என்றார். அவன் வாசித்தான், ஏட்டை மூடாமல்.

அந்த ஏட்டின் பக்கத்தை அக்கா மாக்ரெட் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பெயருக்குப் பக்கத்தில் ஹெக்டரின் அச்சுப் போன்ற கையெழுத்தில் திகதி இருக்கிறது: 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி, சனிக்கிழமை.