வெட்டிக்கொள்ளாத இரண்டு கோடுகள்

காலை பத்து நாற்பது. காலாப்பட்டு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது மேசைமேல் கிடந்த செலோடேப் சுருள். அதை ஒட்டி ஒட்டி உரித்துத்தான் என் மனைவி குறைக்கடத்திப் படிகத்திலிருந்து ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுப்பாள்.

"டிபனா? வச்சிட்டு உக்காருங்க. எதையும் தொட்டுறாதீங்க."

பிரான்சில் ஓர் ஆய்வகம் அவளை இரண்டு ஆண்டு வேலைக்கு அழைத்திருந்தது. இந்த அளவீடு சரியாக வந்தால் போவாள், வராவிட்டால் இல்லை. அப்பா படுக்கையில் இருந்ததால் நான் போக முடியாது. இதையெல்லாம் முன்பே பேசி முடித்திருந்தோம்.

முந்தைய மாதிரிகளில் கடற்காற்றின் ஈரம் அடுக்குகளுக்கு நடுவே குமிழியாகத் தங்கிவிட்டது. இந்த முறை குமிழி இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்த அடுக்கு. அதில் ஒளி போய்ப் போய்த் திரும்பும். அடுக்கு முழுவதும் சேர்ந்து அதை வாங்கும், சேர்ந்து திருப்பித் தரும். ஒரு கட்டத்தில் அது ஒளியும் இல்லை, பொருளும் இல்லை, இரண்டும் கலந்த ஒன்று என்பாள்.

விளக்கை அணைத்தாள். திரையில் புள்ளி புள்ளியாக இரண்டு கோடுகள் வளர்ந்தன. கோணம் மாற மாற நெருங்கின. தொடும் இடம் வந்ததும் தொடாமல் விலகிப் போயின.

"ஒட்டலயே. அப்ப வரலியா?" என்றேன். ஏசி தண்ணீர் பக்கெட்டில் சொட்டுவது கேட்டது.

"நியூஸ் பேப்பர்ல வேல பாத்தவராச்சே, பாதி கேட்டதுமே தலைப்பு வச்சிடுவீங்களே" என்று சிரித்தாள். "குறுக்க வெட்டிட்டுப் போயிருந்தாதான் ஒளிக்கும் அடுக்குக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லன்னு அர்த்தம். கலந்துட்டா வெட்டிக்காது."

"அப்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

இன்னொரு முறை அளந்தாள். அதேதான். டிபனைத் திறந்து, "சட்னி என்னங்க தண்ணியா இருக்கு" என்றாள். முழுவதும் சாப்பிட்டுவிட்டு, வருவதாக அந்த ஆய்வகத்துக்கு மெயில் அனுப்பினாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பஸ் பிடித்து நெல்லித்தோப்பில் இருக்கும் வீட்டுக்கு வந்தோம். அதுவரை அப்பாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அக்கா கிளம்பிப் போனார். இருவரும் சேர்ந்து அப்பாவை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.