கதவுக்குள் ஒரு கைநாட்டு

1930களில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சாதனைப் பயணம் செய்த விமானிகளுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பும் படங்களை ஆல்பத்தில் ஒட்டிவைப்பேன். ஒருநாள் சமயநல்லூர் அருகே ஒரு விமானமே இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு, மதுரையிலிருந்து சைக்கிளை மிதித்தேன்.

கராச்சியிலிருந்து கொழும்புக்கு யாரும் பறக்காத வேகத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர். எஞ்சின் கோளாறைத் தானே சரிசெய்துவிட்டார். ஆனால் பாதி வற்றிய கண்மாயின் சேற்றில் சக்கரம் புதைந்திருந்தது. பக்கத்து வயலின் கூலியாட்கள் கயிறு கட்டி இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். நான் ஆல்பத்தைச் சேறு படாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையெழுத்துக் கேட்டதும், "முதலில் நீங்கள் எனக்குப் போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, விமானத்தின் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்க, வழியில் உதவியவர்களின் கையெழுத்துகள். இழுத்தவர்களையும் போடச் சொன்னார்.

இழுத்த கூலியாட்களில் முன்னால் நின்ற கருப்பாயி என்ற பெண் தயங்கினாள். "கைநாட்டு வச்சா கடன்ல மாட்டிக்கிருவோம், சாமி."

"இது கடனுக்கில்ல. நீ இழுத்ததுக்கு" என்றேன்.

எஞ்சின் கரியைத் தொட்டுப் பெருவிரலை அழுத்தினாள். அடுத்து விமானி என்னிடம் பேனாவை நீட்டினார். சேறு படாத என் கையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன். அவர் சிரித்தபடி என் ஆல்பத்தில் கையெழுத்திட்டார்.

அந்தத் தாமதத்தோடும் அவர் சாதனை படைத்த செய்தி பத்திரிகையில் வந்தது. கருப்பாயியைத் தேடிப் போய் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப என் விரலும் கொழும்பு போயிருச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

பிறகு எத்தனையோ கையெழுத்துகள் கிடைத்தன. ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம், அதில் இல்லாத அந்தக் கைநாட்டுதான் கண்ணுக்குத் தெரிகிறது.